மகளின் நீச்சல் அணியைக் காப்பாற்றப் பணம் திரட்டலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறோம். என் மகள் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே நீச்சல்தான் அவளுக்கு எல்லாம். இப்போது கல்லூரி அணியில் நீந்துகிறாள். போன மாதம் திடீரென்று ஒரு மின்னஞ்சல். பட்ஜெட் நெருக்கடியால் ஆண்கள், பெண்கள் நீச்சல் அணிகள் இரண்டையும் இந்தப் பருவத்தோடு நிறுத்துகிறார்களாம். வருடத்துக்கு 6 லட்சம் டாலர் மிச்சமாகுமாம். பெற்றோர்கள் வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். கோ ஃபண்ட் மீ என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் ஒரே வாரத்தில் 40,000 டாலர் சேர்ந்துவிட்டது. என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். என் கணவரோ, "ஊரார் பணம், பின்னால் நம் பெயர்தான் கெடும், வேண்டாம்" என்கிறார். தமிழ்ச் சங்கத்திலும் கேட்கலாமா? இப்படிப் பணம் திரட்டி ஒரு அணியை உண்மையிலேயே மீட்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். அமெரிக்காவில் பல கல்லூரிகளில் நடந்திருக்கிறது. 2010 செப்டம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் ஐந்து அணிகளை ஒரே நாளில் கைவிடுவதாக அறிவித்தது. அதில் பேஸ்பால் அணியும் ஒன்று. 1892 முதல் இருந்த அணி, 1947-இல் கல்லூரி பேஸ்பாலின் தேசியப் பட்டத்துக்கான முதல் கல்லூரி உலகத் தொடரையே வென்ற அணி. பிப்ரவரியில் பல்கலைக்கழகம் மூன்று அணிகளை மீட்டபோதுகூட பேஸ்பாலுக்குத் திரண்டது போதாது என்று கைவிரித்துவிட்டது. முன்னாள் வீரர்கள் விடவில்லை. 90 லட்சம் டாலர் அளவுக்கு உறுதிமொழிகள் வாங்கிக்கொண்டு மறுபடியும் கதவைத் தட்டினார்கள். 2011 ஏப்ரலில் அணி மீண்டது. அதே ஜூனில் அந்தப் பையன்கள் ஓமஹாவில் நடந்த கல்லூரி உலகத் தொடருக்குத் தகுதி பெற்றுப் போய் ஆடினார்கள்.

ஆனால் உங்கள் குழு இப்போது போகும் வழியில் போனால் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 40,000 டாலர் பெரிய தொகைதான். முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் உங்கள் பிள்ளைகளை நம்பிக் கொடுத்தது. ஆனால் கல்லூரி சொல்லும் கணக்குப்படி அது அணியின் 24 நாள் செலவு. கல்லூரி எதற்கு, எவ்வளவுக்கு, எந்தத் தேதிக்குள் ஒப்புக்கொள்ளும் என்று தெரியாமல் இன்னும் ஒரு டாலர்கூடச் சேர்க்காதீர்கள். நிதி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவள் நான். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் வேலை, விளையாட்டுத் துறை இயக்குநருக்கும் பல்கலைக்கழகத் தலைவருக்கும் ஒரு பக்கக் கடிதம். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் அணியைத் தொடர்வீர்கள், அதற்கு எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டுகளுக்கு, கெடு எப்போது? இவ்வளவுதான் கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் எழுதுங்கள். நேரில் கூப்பிட்டுக் காபி கொடுத்து, "உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது" என்று பேசி அனுப்பிவிடுவார்கள். அது பதில் இல்லை. பதிலே வரவில்லை என்றால், பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு அதே கடிதத்தின் நகல். மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் ஆட்சிக்குழுக் கூட்டங்கள் பொதுவில் நடக்கும், பொதுப் பதிவுச் சட்டப்படி வரவு செலவு ஆவணங்களையும் கேட்டு வாங்க முடியும். தனியார் கல்லூரிப் பெற்றோருக்கு இந்த வசதி கிடையாது. இதை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் தோண்டிப் பாருங்கள். கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்றதையடுத்து, கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வருமானத்தில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி போகும் இடம் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும். அந்தப் போட்டியில் இறங்கிய கல்லூரியாக இருந்தால், உங்கள் பிள்ளைகளின் 6 லட்சம் வேறு ஒரு அணிக்குப் போகிறது. அப்படி இல்லாமல் மாணவர் சேர்க்கை குறைந்து, மாநில மானியமும் சுருங்கிய கல்லூரியாக இருந்தால் பேச வேண்டியதே வேறு.

அந்த இரண்டாவது வகைக் கல்லூரியிடம் பேச உங்களிடம் வலுவான கணக்கு ஒன்று இருக்கிறது. கல்லூரி நீச்சலில் முழு உதவித்தொகை வாங்குகிறவர்கள் மிகவும் குறைவு. 2025 வரை இருந்த விதிப்படி, கல்லூரி விளையாட்டின் உயர்ந்த நிலையான முதல் பிரிவில் ஆண்கள் அணி முழுவதற்கும் சேர்த்து 9.9, பெண்கள் அணிக்கு 14 உதவித்தொகைகள்தான் உச்சம். அதைத்தான் அணியில் இருக்கும் எல்லாருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். பல கல்லூரிகள் அந்த அளவுகூடக் கொடுத்ததில்லை. அப்படியென்றால் உங்கள் மகளின் அணியில் பெரும்பாலான குடும்பங்கள் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், சாப்பாட்டுக் கட்டணம் எல்லாம் தங்கள் கையிலிருந்து கட்டுகின்றன. நீச்சல் இருக்கிறது என்பதற்காகவே வெளிமாநிலத்திலிருந்து கூடுதல் கட்டணம் கட்டி வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். அணி போனால் அவர்களில் எத்தனை பேர் வேறு கல்லூரிக்கு மாறுவார்கள்? குழுவில் இருக்கும் எல்லாக் குடும்பங்களிடமும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள், அணி இல்லாவிட்டால் மகனோ மகளோ அங்கேயே படிப்பாரா? விளையாட்டுத் துறையின் கணக்குப் புத்தகத்தில் செலவு மட்டும்தான் தெரியும், கட்டண வருமானம் வேறு புத்தகத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் காட்டும்போது 6 லட்சம் மிச்சம் என்பது எவ்வளவு கரைகிறது என்று தெரியும். தலைவரின் மேசைக்குப் போக வேண்டிய தாள் இதுதான்.

அப்புறம் இலக்கு. "இனி ஒருபோதும் நிறுத்தாமல் இருக்க எவ்வளவு வேண்டும்?" என்று கல்லூரியைக் கேட்டால் மலைக்க வைக்கும் எண்ணைச் சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்டு 2020 ஜூலையில் தன் 36 அணிகளில் 11-ஐ நிறுத்துவதாக அறிவித்தபோது, அவற்றை நிரந்தரமாக நடத்த 20 கோடி டாலருக்கு மேல் வேண்டும் என்றது. அந்த எண் எப்படி வருகிறது என்பது நம்மவர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினோமே, அதே முறை. அசலைத் தொடக் கூடாது. ஆண்டுதோறும் நாலு, நாலரை சதவீதம் எடுத்துச் செலவழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் அணிக்கு வருடம் 6 லட்சம் வர ஒரு கோடியே 33 லட்சம் டாலர் வைப்பு நிதி வேண்டும். தமிழ் இருக்கைக்கு உலகம் முழுவதும் கொடுத்தார்கள், தமிழக அரசே 10 கோடி ரூபாய் கொடுத்தது. அப்படியும் ஆண்டுகள் பிடித்தன. உங்களிடம் சில மாதங்கள்தான் இருக்கின்றன.

அதனால் வைப்பு நிதியை இப்போதைய இலக்காக வைக்காதீர்கள். மூன்று ஆண்டுச் செலவுக்கு, அதாவது 18 லட்சம் டாலருக்கு உறுதி என்ற நிலையில் பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் ஒஹையோவிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2020 மே மாதம் பௌலிங் கிரீன் மாநிலப் பல்கலைக்கழகம் பேஸ்பால் அணியை நிறுத்தியது. வருடம் 5 லட்சம் டாலர் மிச்சம் என்று சொன்னார்கள். முன்னாள் வீரர்கள் மூன்று ஆண்டுகளுக்கு 15 லட்சம் டாலர் உறுதியளித்தார்கள். ஜூன் தொடக்கத்திலேயே அணி திரும்பிவிட்டது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் பல்கலைக்கழகம் இன்னும் தெளிவாக நடந்துகொண்டது. இரண்டு ஆண்டுச் செலவைத் திரட்டிக் காட்டுங்கள் என்று எழுத்திலேயே நிபந்தனை வைத்தது. ஐஸ் ஹாக்கி அணிக்கு அது 30 லட்சம் டாலர். ஊரே சேர்ந்து 2021 ஆகஸ்டில் எட்டினார்கள், 2022-இல் அணி மறுபடி களமிறங்கியது. மூன்று ஆண்டு என்பது கல்லூரிக்கு மூச்சுவிட இடம், உங்களுக்கு வைப்பு நிதியைத் தொடங்க அவகாசம்.

பணம் மட்டும் போதாமல் போன கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் பல்கலைக்கழகம் 2020 மே மாதம் ஐஸ் ஹாக்கியை நிறுத்தியது. சில நாட்களிலேயே 5 லட்சம் டாலருக்கு மேல் திரண்டு, அணி பிழைத்தது. ஆனால் அவர்கள் ஆடிய கூட்டமைப்பிலிருந்து மற்ற கல்லூரிகள் விலகின. வேறு கூட்டமைப்பும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரே வருடத்தில், 2021 மே மாதம், அணி மறுபடி நின்றது. அந்தக் கொடையாளர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது. ஆகவே கடிதத்தில் இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: நம் கூட்டமைப்பு நீச்சல் போட்டியை இன்னும் எத்தனை ஆண்டு நடத்தும், நீச்சல் குளத்துக்குப் பெரிய பழுதுபார்ப்புச் செலவு ஏதாவது வரவிருக்கிறதா? குளம் பழையதாக இருந்தால் பெரும்பாலும் அதுதான் சொல்லப்படாத காரணம்.

இனி பணத்தை எப்படி வாங்குவது. ரொக்கமாக வாங்காதீர்கள், உறுதிமொழியாக வாங்குங்கள். ஒரு பக்கப் படிவம் போதும். பெயர், ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், கையொப்பம். அதோடு ஒரு வரி: "இன்ன தேதிக்குள் பல்கலைக்கழகம் இரு நீச்சல் அணிகளையும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தொடர எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் மட்டுமே இத்தொகை செலுத்தப்படும், இல்லையேல் இந்த உறுதிமொழி தானாகவே ரத்தாகும்." இந்த ஒரு வரி கொடுப்பவரின் பயத்தைப் போக்கும், கல்லூரியையும் முடிவெடுக்க வைக்கும். "ஒப்புக்கொண்டால் 18 லட்சம் வருகிறது, மறுத்தால் ஒரு டாலரும் இல்லை" என்று நீங்கள் சொல்ல முடியும். பணத்தைக் கல்லூரியின் அறக்கட்டளையில் முன்கூட்டியே போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. போட்ட பணம் அவர்களுடையது. நிபந்தனை எழுதாத நன்கொடையை வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்டால் கேட்கவும் முடியாது.

ஏற்கெனவே சேர்ந்த 40,000 யார் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குப் போகிறது? முதலில் அதைப் பாருங்கள். ஒரு தனிநபர் பெயரில் இருந்தால், கொடுத்தவர்களுக்கு வரிச்சலுகை கிடையாது, கணக்கு வைத்திருப்பவருக்கு வரித்துறையிலிருந்து கேள்வி வரவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கத்தை இப்போதைக்கு நிறுத்திவைத்து, ஒரு அறிவிப்புப் போடுங்கள்: கல்லூரியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம், அணி மீளாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவோம். கேட்பவர்களுக்கு உடனே திருப்பிக் கொடுங்கள். புதிதாக ஒரு தொண்டு நிறுவனம் பதிவு செய்து வரித்துறை அங்கீகாரம் வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். உங்களுக்கு அது சரிப்படாது. ஏற்கெனவே 501(சி)(3) என்ற தொண்டு நிறுவன அங்கீகாரம் உள்ள உள்ளூர் நீச்சல் அமைப்போ சமூக அறக்கட்டளையோ உங்கள் நிதியைத் தன் குடைக்குள் வைத்துக்கொள்ளச் சம்மதிக்குமா என்று விசாரியுங்கள். ஃபிஸ்கல் ஸ்பான்சர் என்று இதற்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. சிறு சதவீதம் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள், ரசீது, கணக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவரைச் சமாதானப்படுத்த வேண்டாம், அவர் பயத்தையே விதியாக்குங்கள். பணம் உங்கள் சொந்தக் கணக்கைத் தொடவே கூடாது. எந்தச் செலவுக்கும் இருவர் கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வரவு செலவு குழுவில் எல்லாரும் பார்க்கும்படி வர வேண்டும். கணக்கை நீங்கள் எழுதினால், வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் வேறொருவர். இவற்றுக்குக் குழு ஒப்புக்கொண்டால் தாராளமாகப் பொருளாளராக இருங்கள். "நமக்குள் எதற்கு இவ்வளவு சட்டம்?" என்று யாராவது சிரித்தால், பணிவாக மறுத்துவிடுங்கள். அதே போல அணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பணமோ பயணச் செலவோ கொடுக்காதீர்கள். "என் மகளின் உதவித்தொகைக்கு" என்று பெயர் குறித்துக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது என்பதையும் மற்ற பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது? இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் குழுக்கள் தவறுகின்றன. ஆயிரம் பேரிடம் ஐம்பது ஐம்பதாக வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். இலக்கு 18 லட்சம் என்றால், ஒருவர் 3 லட்சம், இருவர் ஆளுக்கு ஒன்றரை லட்சம், நால்வர் ஆளுக்கு 75,000. ஏழு பேரிடமிருந்து பாதித் தொகை, அதுவும் மூன்று ஆண்டுகளில் பிரித்துக் கொடுப்பது. அந்த ஏழு பேரைத் தேடுவதுதான் வேலை. அவர்கள் பெரும்பாலும் அதே அணியில் முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் நீந்தியவர்கள். பழைய அணிப் புகைப்படங்கள், ஆண்டு மலர்கள், குளத்துச் சுவரில் தொங்கும் சாதனைப் பலகை என்று எங்கெல்லாம் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் எடுங்கள். ஓய்வு பெற்ற பயிற்சியாளர் இருந்தால் முதல் தொலைபேசி அவருக்கு. யாருடைய பேச்சை யார் தட்ட மாட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பேசும்போது பணத்தில் தொடங்காதீர்கள். எந்த வருடம் நீந்தினார், என்ன பிரிவு, யாரோடு ரிலே நீந்தினார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர்களே பேசுவார்கள். விடியற்காலை ஐந்தரை மணிப் பயிற்சி, குளிரில் முடி ஈரத்தோடு வகுப்புக்கு ஓடியது என்று நிறைய வரும். அதற்குப் பிறகு உங்கள் மகளே பேசட்டும். பிறகு தொகையைச் சொல்லிக் கேளுங்கள்: "ஆண்டுக்கு 25,000 வீதம் மூன்று ஆண்டு உறுதியளிக்க முடியுமா?" "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று நம் ஊர் வழக்கத்தில் கேட்டால், 25,000 கொடுக்கக்கூடியவர் மரியாதைக்கு 250 கொடுத்துவிட்டு நல்லது செய்த திருப்தியோடு போய்விடுவார். தொகையைச் சொல்வது அநாகரிகம் இல்லை. கொடுப்பவருக்கும் அதுதான் உதவி.

தமிழ்ச் சங்கத்தில் மேடையேறிக் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கல்லூரியோடும் நீச்சலோடும் தொடர்பில்லாதவர்கள் உங்கள் முகத்துக்காகக் கொடுப்பார்கள். பின்னால் அது உங்களுக்குக் கடனாகவே இருக்கும். ஆனால் அந்தக் கல்லூரியில் படித்த தமிழர்கள், பிள்ளைகளை நீச்சலில் விட்டிருக்கும் குடும்பங்கள் இருப்பார்கள். அவர்களைத் தனித்தனியாகப் பாருங்கள். நம்மவர்களில் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் அதிகம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்கும், விலை ஏறிய பங்குகளை விற்காமல் அப்படியே நன்கொடையாகக் கொடுத்தால், அந்த லாபத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஊழியர் கொடுப்பதற்கு ஈடாக நிறுவனமும் இணைத் தொகை கொடுக்குமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் சில நிறுவனங்கள் விளையாட்டு அணிகளுக்கான நன்கொடைக்கு இணைத் தொகை தருவதில்லை, முன்கூட்டியே விதியைப் படிக்கச் சொல்லுங்கள்.

பணத்தைத் தாண்டி இன்னொரு வழியும் இருக்கிறது. பெண்கள் அணியும் நிறுத்தப்படுவதால், கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் இங்கே பேசும். மாணவிகளின் விகிதத்தோடு ஒப்பிட்டால் விளையாட்டில் பெண்களுக்குக் கிடைக்கும் இடங்கள் குறைவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் இந்த எண்ணிக்கைகளைக் கூட்டாட்சிக் கல்வித் துறைக்கு ஆண்டுதோறும் கொடுக்கிறது. துறையின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். டார்ட்மத் 2020-இல் நிறுத்திய ஐந்து அணிகளை 2021 ஜனவரியில் திரும்ப எடுத்துக்கொண்டதற்கு இந்தச் சட்டம்தான் காரணம். ஐயோவா பல்கலைக்கழகத்தில் மாணவிகள் வழக்குப் போட்டுப் பெண்கள் நீச்சல் அணியை மீட்டார்கள், ஆண்கள் அணி மீளவில்லை. எனவே உங்கள் குழுவில் ஆண் பிள்ளைகளின் பெற்றோரும் இருப்பதை மனத்தில் வைத்து, இதை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். வழக்கறிஞரை ஒருமுறை பார்த்து ஆலோசனை கேட்கலாம். அதற்கான செலவைத் திரட்டிய நிதியிலிருந்து எடுக்கக் கூடாது, விருப்பமுள்ள பெற்றோர் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டிலும் முன்னாள் மாணவர்கள் கோடிக்கணக்கில் தருவதாகச் சொல்லியும் மாதக்கணக்கில் நிர்வாகம் அசையவில்லை. 2021 மார்ச்சில் ஷேன் கிரிஃபித் என்ற மல்யுத்த வீரர் கல்லூரியின் பெயரே இல்லாத கறுப்பு உடையில் இறங்கித் தேசியப் பட்டத்தை வென்றார். மே மாதம் இரண்டு வழக்குகள் வந்தன. சில நாட்களில் 11 அணிகளும் தொடரும் என்று அறிவித்தார்கள். பணம், சட்டம், பிள்ளைகளின் ஆட்டம் மூன்றும் சேர்ந்துதான் அங்கே வேலை செய்தது.

கடைசியாக உங்கள் மகள். அவள் இந்தப் போராட்டத்தில் நிற்கட்டும், ஆனால் இதற்காகத் தன் எதிர்காலத்தைப் பணயம் வைக்க வேண்டாம். உதவித்தொகை இருந்தால் பட்டம் முடியும்வரை தொடருமா என்று எழுதி வாங்குங்கள். வேறு கல்லூரிப் பயிற்சியாளர்களிடமும் இப்போதே பேசட்டும். அதைத் துரோகமாக நினைக்கும் பெற்றோர் குழுவில் இருப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். அணியில் எத்தனை பேர், எந்தத் தேதிவரை காத்திருக்கத் தயார் என்று பிள்ளைகளிடமே கேட்டு, அந்தத் தேதியை உங்கள் கெடுவாக வையுங்கள். நீச்சல் வீரர்களும் பயிற்சியாளரும் கலைந்து போன பிறகு 18 லட்சம் வந்தும் பயனில்லை.

கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். கல்லூரியின் பதில் வந்ததும் அதில் உள்ள தொகையையும் தேதியையும் எனக்கு எழுதுங்கள். உறுதிமொழிப் படிவத்தின் வாசகத்தை நானே பார்த்துத் தருகிறேன்.